கம்மோடில் தண்ணீர் நிற்கவில்லையா? முதலில் அளந்து பாருங்கள்

இரவு படுக்கப்போகும்போது கம்மோடில் வழக்கமான அளவு தண்ணீர் நிற்கிறது. காலையில் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. தரையில் ஈரம் இல்லை, சுவரில் கசிவு இல்லை, குழாய் எதுவும் ஒழுகவில்லை. பல வீடுகளில் இது ஒரு பிரச்சினையாகவே எண்ணப்படுவதில்லை. ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நாற்றம் வரத் தொடங்கினால் பினாயில், அதற்கும் அடங்காவிட்டால் பிளம்பர். அவர் வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு “க்ளோசெட்டில் கிராக் இருக்கும் சார், மாத்திடலாம்” என்கிறார். டைல்ஸ் உடைகிறது, புது க்ளோசெட் வருகிறது, ஆயிரக்கணக்கில் செலவாகிறது. சில சமயம் புதிய கோப்பையிலும் தண்ணீர் அதேபோலக் குறைகிறது. இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையற்றது. தண்ணீர் எவ்வளவு வேகத்தில், எந்த நேரத்தில், எந்த மட்டம்வரை குறைகிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே கோளாறு எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தப் பதில்களை வீட்டில் இருப்பவர்கள்தான் திரட்ட முடியும், பத்து நிமிடம் வந்துபோகும் பிளம்பரால் முடியாது.

அந்தத் தண்ணீர் அங்கே ஏன் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கோப்பைக்கு அடியில் குழாய் நேராகக் கீழே இறங்குவதில்லை. முதலில் தாழ்ந்து, பிறகு மேலேறி, ஒரு மேட்டைத் தாண்டித்தான் கழிவுக் குழாய்க்குள் விழுகிறது. பிளம்பர்கள் டிராப் என்று சொல்லும் இந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். கோப்பையில் நாம் காணும் நீர்மட்டம் அந்த மேட்டின் உயரம்தான். லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இந்த வளைவு இடம்பெற்றது. அதற்குப் பிறகு ஃப்ளஷ் முறைகள் எவ்வளவோ மாறியும் வளைவு மட்டும் மாறவில்லை. மேட்டிலிருந்து, வளைவின் உட்புற மேல்விளிம்பு நீரில் மூழ்கியிருக்கும் ஆழம் வரை உள்ள தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. நாம் வீடுகளில் பொருத்தும் பீங்கான் க்ளோசெட்டுகளில் இந்த நீர்த்தடுப்பு பொதுவாக 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். கிராமப்புறங்களில் இரட்டைக்குழிக் கழிப்பறைகளுக்கு வைக்கப்படும் ரூரல் பேனில், குறைந்த தண்ணீரிலேயே கழிவு போய்விட வேண்டும் என்பதற்காக, இது வெறும் 20 மில்லிமீட்டர். வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே இருப்பது இந்த இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டுமே. அது போய்விட்டால் வேறு தடுப்பு எதுவும் இல்லை.

தடுப்பு போனால் என்ன ஆகும்? ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, மீத்தேன் ஆகிய வாயுக்கள் குளியலறைக்குள் ஏறுகின்றன. அவற்றோடு கரப்பான்பூச்சிகளும் வருகின்றன. செப்டிக் டேங்கில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்களுக்கும் வழி திறந்துவிடுகிறது. இவை தொல்லைகள் மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. 42 பேர் இறந்தனர். ஹாங்காங் சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் அங்கே ஆராய்ந்தபோது, குளியலறைத் தரையில் இருந்த டிராப்புகள் பல வீடுகளில் வறண்டு கிடந்தது தெரியவந்தது. குடியிருந்தவர்கள் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்துவந்ததால் அவற்றுக்குள் தண்ணீரே போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டபோது, கழிவுக் குழாயில் இருந்த கிருமி கலந்த நுண்துளிகள் அந்த வறண்ட வழியாக உள்ளே இழுக்கப்பட்டன என்பது அவர்கள் கண்ட முக்கியமான பரவல் வழி. 2020-இல் சீனாவின் குவாங்சோவில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மூன்று வீடுகளில் 9 பேருக்குக் கொரோனா வந்தபோதும், அந்த வீடுகளை இணைத்த கழிவுக் குழாய்மீதே ஆய்வாளர்களின் சந்தேகம் விழுந்தது. அது சந்தர்ப்ப சாட்சியம்தான், உறுதியான நிரூபணம் அல்ல. ஆனாலும் இரண்டு அங்குலத் தண்ணீரைப் பொருட்படுத்த வேண்டும் என்பதற்கு ஹாங்காங் அனுபவம் ஒன்றே போதும்.

கோளாறைத் தேடும்முன் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். கோப்பையில் தண்ணீர் குறைந்தால் பலரும் முதலில் ஃப்ளஷ் டேங்கைத்தான் திறந்து பார்க்கிறார்கள். டேங்கில் வாஷர் தேய்ந்து கசிந்தால் அந்தத் தண்ணீர் கோப்பைக்குள்தான் வரும். கோப்பையின் நீர்மட்டம் அதனால் குறையாது. மிஞ்சியது மேட்டைத் தாண்டிச் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்விடும். அது தண்ணீர்க் கட்டணத்தைப் பாதிக்கும் தனிப் பிரச்சினை. டேங்கோடு தொடர்புடைய ஒரே விதிவிலக்கு, ஃப்ளஷ் முடிந்த உடனேயே மட்டம் தாழ்வாக இருப்பது. சைஃபானிக் வகைக் கம்மோடுகளில், ஃப்ளஷ் ஆனதும் கோப்பையை மறுபடி நிரப்ப ஒரு சிறு ரப்பர் குழாய் டேங்குக்குள் இருக்கும். அது இடம் மாறிக் கிடந்தால் கோப்பை முழுதாக நிரம்பாது. ஆனால் அது முதலிலிருந்தே குறைவாக நிரம்புவது. நிரம்பிய தண்ணீர் பிறகு மெல்லக் குறைவது வேறு.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரவு எல்லோரும் போய்வந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் மட்டம் நிலைத்துவிடும். கோப்பையின் உட்சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டை, அதன் கீழ்விளிம்பு நீர்மட்டத்தைத் தொடும்படி ஒட்டுங்கள். வாளித் தண்ணீரை ஊற்றும்முன்பே ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, டேங்கில் இருக்கும் தண்ணீரையும் காலி செய்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் டேங்கிலிருந்து கசியும் தண்ணீர் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்து, உண்மையான குறைவை மறைத்துவிடும். காலையில் யாரும் பயன்படுத்தும்முன் டேப்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விடியற்காலை 5 மணிக்கு ஒருமுறையும், கட்டடம் முழுக்க விழித்துக் குளித்து முடிக்கும் 9 மணிக்கு ஒருமுறையும் பாருங்கள். அடுத்தடுத்து சில இரவுகள் இப்படிச் செய்தால் ஒரு ஒழுங்கு புலப்படும். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மிக மெதுவாக, நாளுக்கு ஒரு சில மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் குறைகிறது என்றால் அது ஆவியாதல். இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு ஏமாற மாட்டோம். கோடை வெயிலில் திறந்து கிடக்கும் ஏரியிலேயே ஒரு நாளில் சில மில்லிமீட்டர் தண்ணீர்தான் ஆவியாகும். காற்றோட்டம் குறைந்த குளியலறைக்குள் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். ஆகவே ஒரே இரவில் இரண்டு விரல் அளவு குறைந்தால், “வெயில் காலம், வத்திப்போச்சு” என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் தண்ணீர் வற்றியிருந்தால் அது இயல்பே. 20 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ரூரல் பேனில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். கிளம்பும்போது மூடியைச் சாத்திவிட்டுப் போவதும், குளியலறைத் தரையில் உள்ள டிராப்பில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெய் விடுவதும் ஆவியாவதை வெகுவாகத் தாமதப்படுத்தும். இந்த ஒரு காரணத்துக்கு மட்டும்தான் குவளைத் தண்ணீர் முழுமையான தீர்வு.

சில மணி நேரத்தில் கணிசமாகக் குறைகிறது, ஆனால் ஒவ்வொரு இரவும் வெவ்வேறு மட்டத்தில் நிற்கிறது, சில இரவுகளில் குறையவே இல்லை என்றால், டிராப்பின் மேட்டில் ஏதோ தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாப்பிலிருந்து உதிர்ந்த நூல், தலைமுடிக் கற்றை, துணிக் கிழிசல், டயப்பரின் ஓரம் என்று எதுவாகவும் இருக்கலாம். அதன் ஒரு முனை தண்ணீரில் கிடக்க, மறுமுனை மேட்டைத் தாண்டிக் கழிவுக் குழாய்க்குள் தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அது தண்ணீரை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக அந்தப் பக்கம் இறக்கிவிடும். ஒவ்வொரு ஃப்ளஷிலும் நூல் கொஞ்சம் நகர்வதால்தான் மட்டம் மாறி மாறி நிற்கிறது. ஒரு பெரிய வாளித் தண்ணீரை உயரத்திலிருந்து ஒரே மூச்சில் கொட்டினால் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் பிளம்பரிடம் இருக்கும் ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றி இழுக்கலாம். க்ளோசெட் மாற்றும் வேலையெல்லாம் இதற்குத் தேவையில்லை. ஆனால் அளந்து பார்க்காதவர்கள் விரிசல் என்று நினைத்துக் கோப்பையையே பெயர்த்தெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

உண்மையான விரிசலுக்கு வேறு அடையாளம் உண்டு. தண்ணீர் எத்தனை முறை நிரப்பினாலும் ஒரே கோடுவரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். விரிசலின் உயரம்வரைதான் தண்ணீர் வெளியேற முடியும் என்பதால் அது அதற்குக் கீழே போகாது. கோப்பையின் வெளிப்புறச் சுவரில் விரிசல் இருந்தால் தரையிலோ கீழ்வீட்டுக் கூரையிலோ ஈரம் தெரியும். கோப்பையில் சில சொட்டு நீலம் கலந்துவிட்டு, அடிப்பாகத்தைச் சுற்றி வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆனால் பீங்கானை வார்க்கும்போதே டிராப்பின் உட்சுவரில் நுண்துளை விழுந்திருந்தால் தண்ணீர் நேராகக் கழிவுக் குழாய்க்குள் போய்விடும். வெளியே நீலம் தெரியாது. அப்போது மாறாத அந்தக் கோடு ஒன்றுதான் சாட்சி. இந்தியன் டைப் பேன்களில் இன்னொரு பலவீனம் உண்டு. பேனும் டிராப்பும் தனித்தனிப் பொருள்கள். தரைக்கு அடியில் கொத்தனார் சிமென்ட் வைத்து அவற்றை இணைத்திருப்பார். அந்த இணைப்பு விட்டுப்போனால் கழிவு நீர், குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாபுக்குள் இறங்கி, அங்கே தேங்கி, நாளடைவில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் மஞ்சள் கறையும் உதிர்ந்த பூச்சும் தெரிந்தால் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இப்படி உறுதியானால் உடைக்கத்தான் வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. விரிசலுக்கு மேலே எம்-சீல் பூசிச் சமாளிப்பது நீடிக்காது.

நான்காவது காரணம் வீட்டுக்குள்ளேயே இல்லாதது. அதனாலேயே அதை அடையாளம் காண்பவர்கள் குறைவு. இரவு 11 முதல் காலை 5 வரை மட்டம் அசையவில்லை. ஆனால் 5 முதல் 9-க்குள் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று திடீர் திடீரெனக் குறைகிறது. மேல்மாடியில் யாராவது ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் கோப்பையில் தண்ணீர் ஆடுகிறது, அல்லது வாஷ்பேசினில் களகளவென்று சத்தம் கேட்கிறது. இது காற்றின் வேலை. செங்குத்துக் குழாயில் தண்ணீர் விழும்போது அது தனக்கு மேலே உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப மொட்டைமாடியில் திறந்திருக்கும் வென்ட் பைப் வழியாகக் காற்று வர வேண்டும். அது அடைபட்டிருந்தால், குழாய் தனக்கு வேண்டிய காற்றை அருகிலுள்ள டிராப்பிலிருந்து இழுக்கும். காற்றோடு அந்த டிராப்பின் தண்ணீரும் மேட்டைத் தாண்டிப் போய்விடும். 50 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய அழுத்த வேறுபாடு, நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குதான். அதனால்தான் அமெரிக்கக் குழாய்ப்பணி விதிகள், டிராப்பின் இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஓர் அங்குல நீர்மட்டத்துக்கு மேல் போகாதவாறு காற்றுக் குழாய்களை அமைக்கச் சொல்கின்றன. இரண்டு அங்குலத் தடுப்பில் ஓர் அங்குலமாவது எப்போதும் மிஞ்ச வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் ஊர்களில் வென்ட் பைப் அடைபடுவதற்கான காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. மேலே இன்னொரு மாடி எழுப்பும்போது குழாயை நீட்டாமல் வெட்டிவிடுகிறார்கள். மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கும்போதோ தளம் போடும்போதோ அது சிமென்ட்டுக்கு அடியில் போய்விடுகிறது. பறவை கூடு கட்டுகிறது. கொசுவைத் தடுக்க செப்டிக் டேங்க் வென்ட் பைப்பில் நைலான் வலை கட்டும்படி சுகாதாரப் பணியாளர்கள் சொல்வது சரியான யோசனை. ஆனால் வலைக்குப் பதிலாகப் பழைய துணியையோ சாக்கையோ இறுக்கிக் கட்டினால் காற்றும் நின்றுபோகும். வலையே ஆனாலும் தூசும் ஒட்டடையும் சேர்ந்து கண்களை அடைத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அவிழ்த்துத் தட்டிவிட்டுக் கட்டினால் போதும். பல வீடுகளில் கழிப்பறைப் பிரச்சினையின் தீர்வு மாடியில் இருக்கும் இந்த ஒரு துண்டுத் துணியை மாற்றுவதில் முடிந்துவிடக்கூடும். வென்ட் பைப்பை வெளியே கொண்டுபோகவே வழியில்லாத கட்டடங்களில், காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்றைப் பொருத்தலாம். அது இழுப்பைச் சமாளிக்கும். ஆனால் கீழ்த்தளங்களில் குழாயின் அடிப்பக்கம் அழுத்தம் கூடிக் கோப்பையில் குமிழி கிளம்பினால் அதற்கு அந்த வால்வு உதவாது.

ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறி, தயங்கித் தயங்கி இறங்கி, கடைசியில் வழக்கமான மட்டத்துக்கும் கீழே போய் நின்றால், அது கீழே எங்கோ பாதி அடைப்பு இருப்பதற்கான அடையாளம். குழாய் நிரம்பி ஓடும்போது அது தன் பின்னால் டிராப்பின் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தாலும் இதேதான் நடக்கும். லாரியை வரவழைத்து இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆட்களை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம் கழிவுக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைப்பதை ஏற்க முடியாது.

இத்தனை விசாரணை எதற்கு, தினமும் ஒரு குவளை ஊற்றினால் முடிந்ததே என்று கேட்கலாம். காரணம் ஆவியாதல் என்றால் அந்தக் கேள்வி நியாயமானது. விரிசலாக இருந்தால் நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் ஸ்லாபுக்குள் போகும் கழிவு நீரைக் கூட்டுகிறது. காற்றுக் குழாய் அடைப்பு என்றால், நீங்கள் ஊற்றிய அரை மணி நேரத்தில் மேல்வீட்டு ஃப்ளஷ் அதை இழுத்துவிடும். நாற்றமே வரவில்லை, பிறகு என்ன கவலை என்று இன்னொருவர் கேட்கலாம். நாற்றத்தை மட்டும் நம்புவது ஆபத்து. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை வாடையாக மூக்கில் ஏறும். ஆனால் தொடர்ந்து சுவாசித்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். செறிவு அதிகமானால் முகரும் திறனையே மழுங்கடித்துவிடும். மீத்தேனுக்கோ வாடையே கிடையாது. வீட்டுக்காரர்கள் உணராத நாற்றத்தை வெளியூரிலிருந்து வரும் விருந்தாளி வாசலிலேயே உணர்வது மூக்கு இப்படிப் பழகிவிடுவதால்தான்.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இது பிளம்பரின் வேலை, சாதாரண மக்கள் ஏன் டேப் ஒட்டி அளக்க வேண்டும் என்பது அது. பழுது பார்ப்பது அவருடைய வேலைதான், அதில் மறுப்பில்லை. ஆனால் இந்தக் கோளாறு ஓர் இரவு முழுவதும், அல்லது காலை நேரப் பரபரப்பில் மட்டும் தலைகாட்டுவது. பிளம்பர் வரும் பகல் 11 மணிக்குக் கோப்பை அமைதியாக இருக்கும். கையில் எந்தத் தகவலும் இல்லாதபோது, திறமையான பிளம்பர்கூட தன் கண்ணுக்குத் தெரியும் பொருளின்மீதுதான் பழியைப் போட முடியும். கண்ணுக்குத் தெரிவது க்ளோசெட் மட்டுமே. “ராத்திரி குறையலை, காலைல அஞ்சுலேர்ந்து ஒம்பதுக்குள்ள ஒரு இன்ச் குறையுது, மேல்வீட்ல ஃப்ளஷ் பண்ணா தண்ணி ஆடுது” என்று நீங்கள் சொன்னால், அவர் சுத்தியலை எடுக்காமல் நேராக மாடிக்குப் போவார். நீங்கள் தரும் தகவல் அவருடைய திறமைக்குப் பதிலாக வருவதில்லை, அந்தத் திறமை சரியான இடத்தில் பயன்பட உதவுகிறது.

இதிலிருந்து அடுக்ககங்களில் வசிப்போருக்கு ஒரு பொறுப்பும் பிறக்கிறது. கோப்பை என் வீட்டுடையது, ஆனால் அதன் தண்ணீரைக் காப்பாற்றும் காற்றுக் குழாய் எல்லோருக்கும் பொதுவானது. இரண்டாம் தளத்துக் கம்மோடு வறண்டால் அதற்கான காரணம் மொட்டைமாடியில் இருக்கலாம், அங்கே துணி கட்டியவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதுபோல, மாடியில் வென்ட் பைப்புகள் எத்தனை இருக்கின்றன, அத்தனையும் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதையும் சங்கங்கள் ஆண்டுப் பராமரிப்பில் சேர்க்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவியை வாங்கி மாதம் ஒருமுறை எல்லா டிராப்பிலும் தண்ணீர் ஊற்ற ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு வீட்டின் வறண்ட டிராப் பக்கத்து வீட்டையும் பாதிக்கும் என்பதை ஹாங்காங் கண்கூடாகக் காட்டியிருக்கிறது. தனி வீட்டுக்காரர்களுக்கு வேலை இன்னும் எளிது. டைல்ஸில் முதல் அடி விழும்முன் சில இரவுகள் மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். ஒருமுறை மாடியேறிப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை வேகமாகக் கொட்டிப் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் தண்ணீர் அதே கோட்டில் வந்து நின்றால், அப்போது உடைக்கச் சொல்லலாம். அந்தச் செலவு வீணாகாது.